கொடி விழக் காத்திருக்க வேண்டாம்

எங்கள் எலவனாசூர்கோட்டைப் பக்கம் மாடு கன்று போட்டால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "கொடி விழுந்துச்சா?" என்றுதான். நஞ்சுக்கொடி விழும்வரை மடியில் யாரையும் கை வைக்க விடமாட்டார்கள். விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. மாடே அதைத் தின்றுவிடாமலும் நாய் இழுத்துப் போகாமலும் இருக்கும். ஆனால் அதுவரை கன்றைப் பட்டினி போடுகிறோமே, அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

திடமான கன்று எப்படியோ தப்பித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் தட்டுத்தடுமாறி எழுந்து, நாம் தடுத்தாலும் மடியை முட்டிக் குடித்துவிடும். நம் வழக்கம் கொல்வது எழுந்திருக்க முடியாத கன்றைத்தான்.

மார்கழியில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் வீட்டில் தலையீத்து ஜெர்சிக் கலப்பின மாடு விடியற்காலையில் கன்று போட்டது. காளைக்கன்று. நான் போனபோது கொட்டாய் ஓரத்தில் கால் நான்கையும் நீட்டிக் கிடந்தது. குளம்பு நுனியில் பிறந்த கன்றுக்கே உரிய அந்த மஞ்சள் மெத்தை இன்னும் தேயவே இல்லை. ஒரு முறைகூட ஊன்றி நிற்கவில்லை என்று அர்த்தம். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நாக்கு சுருளவில்லை. வாயே ஜில்லென்று இருந்தது. வாய் குளிர்ந்துவிட்டால் உடல் சூடு இறங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட கன்றால் சப்ப முடியாது.

பெரியம்மா ஏற்கெனவே மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்திருந்தார். சாக்கை எடுத்து முதுகும் விலாவும் காயக் காயத் தேய்த்தோம். பக்கவாட்டில் கிடந்ததை நெஞ்சு தரையில் படும்படி, கால்களை மடக்கி உட்காரவைத்தோம். அப்படி வைத்தால்தான் இரண்டு நுரையீரலும் விரியும். கீழே வைக்கோலைக் கனமாகப் பரப்பி, மேலே பழைய கம்பளியைப் போர்த்தி, காற்று வரும் பக்கம் படுதா கட்டினோம். தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நனைத்தோம். ஈரத் தொப்புள் வழியாகத்தான் கிருமி உள்ளே போய் மூட்டு வீக்கம் வரைக்கும் கொண்டுவிடும்.

"சீம்பாலைக் கொஞ்சம் கறந்து கொடுங்க பெரியம்மா."

"கொடி விழாம எப்புடிப்பா கறக்கறது?"

1962-க்குப் போன் போட்டோம். கால்நடைகளுக்கான அவசர எண் அது. வந்த டாக்டரம்மா மாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறங்கம்மா. கன்னு குடிச்சாலும் நீங்க கறந்தாலும் கர்ப்பப்பை சுருங்கும், கொடி சீக்கிரம் விழும்." பெரியம்மா அப்புறம் மறுபேச்சுப் பேசவில்லை.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்பு சக்தி கருவிலேயே கொஞ்சம் வந்துவிடுகிறது. கன்றுக்கு அப்படி வருவதில்லை; மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. கன்றுக்கு எல்லாம் சீம்பால் வழியாகத்தான். அந்தச் சத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும் வாசல் கன்றின் குடலில் பிறந்ததும் அகலத் திறந்திருக்கும். நேரம் போகப் போகக் குறுகி, 24 மணி நேரத்தில் மூடிவிடும். முதல் ஆறு மணி நேரம்தான் பொன்னான நேரம். கொடி விழ எட்டு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். அதற்காகக் காத்திருந்தால் கன்றின் உயிர்க்காப்பில் பெரும்பங்கு போய்விடும். அடுத்த வாரம் கழிச்சல் கண்டு கன்று செத்தால் 'கண்ணு பட்டுடுச்சு' என்கிறோம்.

உடலைச் சூடாக்கிய பிறகு பெரியம்மா வீட்டுக் கன்று விரலைச் சப்பத் தொடங்கியது. அதன் பிறகே பாட்டிலில் ரப்பர் காம்பு மாட்டிக் கொடுத்தோம், கொஞ்சம் கொஞ்சமாக. சப்பத் தெரியாத கன்றின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றக் கூடாது. பால் நுரையீரலுக்குப் போய்விடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். சீம்பாலில் கடும்பு கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுப்பது நல்ல வழக்கம்தான். கன்று வயிறு நிறைந்த பிறகு கிண்டலாம்.

"காளைக்கன்னுக்கு ஏன் இம்மாம் பாடு?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். கலப்பினக் காளைக்கன்றை ஏருக்கும் பூட்ட மாட்டோம், சந்தையிலும் விலை இல்லை. உண்மைதான். ஆனால் கன்று செத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பதும் உண்மை. அதற்காகத்தானே ஒரு காலத்தில் தோலில் வைக்கோலை அடைத்துக் கன்று செய்து மாட்டின் முன்னால் நிறுத்தினார்கள்? கணக்கை விடுங்கள். நம் கொட்டாயில் பிறந்த உயிர் அது. மறுநாள் அது தானாக எழுந்து நின்றபோது பெரியம்மா அழுதார்.

நோஞ்சான் கன்று பெரும்பாலும் சினைக் காலத்திலேயே உருவாகிறது. கருவில் கன்று வேகமாக வளர்வது கடைசி இரண்டு மூன்று மாதங்களில். அப்போதுதான் பால் வற்றிவிட்டது என்று தவிட்டையும் புண்ணாக்கையும் நிறுத்தி வெறும் சோளத்தட்டையைப் போடுகிறோம். பால் கொடுக்காத மாட்டுக்குத்தான் அந்த நேரத்தில் தீனி அதிகம் வேண்டும்.

சீம்பால் அதிகம் உள்ள வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். கன்று குடித்தது போக மிஞ்சும் முதல் கறவைச் சீம்பாலில் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் மாதக்கணக்கில் கெடாது. தேவைப்படும்போது வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்து இளக்கினால் போதும். கொதிக்க வைத்தால் அதன் சக்தி போய்விடும். தலையீத்து மாட்டுக்குச் சீம்பால் குறைவாகச் சுரக்கும், சில மாடுகள் கன்று போட்டதும் செத்தும் போகும். ஊருக்கு நான்கு வீட்டில் இப்படி ஒரு பாட்டில் இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்குப் பிறக்கும் கன்றையும் காப்பாற்றிவிடலாம்.