களத்தில் இன்னோர் ஆண்டு

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் கிரீன் பே நகரில், தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட் மூன்று நாட்கள் நடந்தது. முதல் நாள் மேடையில் முதலாவதாக வாசிக்கப்பட்ட பெயர் கேம் வார்ட். மூன்றாம் நாள் 231ஆவதாக வாசிக்கப்பட்ட பெயர் க்வின் யூவர்ஸ். இருவருமே, பந்தை எறிந்து அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்குகள்; இருவரும் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளிகளில் ஆடி வளர்ந்தவர்கள். பள்ளி நாட்களில் நாட்டிலேயே முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்டவர் யூவர்ஸ். வார்டையோ பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளவே இல்லை. சான் அன்டோனியோவில் இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் வழியாக மேலேறி வந்தவர் அவர்.

2024 ஜனவரியில், டிராஃப்டுக்குப் போவதாக வார்ட் அறிவித்தார். இரண்டு வாரத்துக்குள் மனம் மாறி, மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இன்னொரு சீசன் ஆடினார். அடுத்த ஆண்டு யூவர்ஸுக்கும் இன்னொரு சீசன் கல்லூரியில் ஆடத் தகுதி மீதமிருந்தது. அவர் கிளம்பிவிட்டார். வார்டுக்குக் கிடைத்த நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 4.9 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம். யூவர்ஸுக்கு நான்காண்டுக்கும் சேர்த்துச் சுமார் 43 லட்சம் டாலர். அதில் உத்தரவாதமான பகுதி மிகச் சிறியது.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போன்றதல்ல. அங்கே விலை கூவப்படுவதில்லை. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு; அது யார் பெயரைச் சொல்கிறதோ அந்த வீரர் அந்த அணிக்குத்தான் போக வேண்டும். எத்தனையாவது பெயராக வருகிறார் என்பதே சம்பளத்தை ஏறத்தாழ முடிவு செய்துவிடுகிறது. பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டு ஆகாதவர் இதற்குள் நுழையவே முடியாது. ஒஹையோ ஸ்டேட் வீரர் மாரிஸ் கிளாரெட் இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்று, 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற சோனியா சோட்டோமயோர். ஆகவே ஒரு குவார்ட்டர்பேக்குக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் இருபது, இருபத்தொரு வயதில் வருகிறது. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கிளம்புவதா, இருப்பதா?

கிளம்பு என்பதே நெடுங்காலம் நியாயமான பதிலாக இருந்தது. கல்லூரிக் கால்பந்து பெரும் பணம் புரளும் தொழில். தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் பல்கலைக்கழகங்கள் கோடிகளை வாங்கின. பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் பெற்றார்கள். உடம்பைக் கொடுத்து விளையாடிய பையனுக்குக் கல்வி உதவித்தொகை, தங்குமிடம், சாப்பாடு. விளையாட்டைச் சுற்றியிருந்த எல்லோரும் சம்பாதித்த பணத்தில் அவனுக்கு மட்டும் பங்கில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இன்னோர் ஆண்டு இரு என்று அவனிடம் சொல்ல யாருக்கும் உரிமை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அன்று பொறுத்திருந்தவர்களில் சிலர் பெரும் விலை கொடுத்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேக் லாக்கர் 2010 டிராஃப்டில் முதலிடத்துக்கே பேசப்பட்டவர். அவர் கல்லூரியில் தங்கினார். அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம் கிடைத்தது. மறு ஆண்டே அணிகளும் வீரர் சங்கமும் புதிய ஒப்பந்தம் போட்டு, புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டன. 2011இல் முதலிடம் பெற்ற கேம் நியூட்டனுக்கே மொத்தம் 2.2 கோடிதான். எட்டாவதாக எடுக்கப்பட்ட லாக்கருக்கு அதில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

மேட் பார்க்லியின் கதை இன்னும் வேதனையானது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நட்சத்திரமான அவர், 2011 டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கத்தில் நின்று, இன்னோர் ஆண்டு இருக்கப்போவதாக அறிவித்தார். முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டிருப்பார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. தரவரிசையில் முதலிடத்தில் தொடங்கிய அவருடைய அணி 2012 சீசனை ஏழு வெற்றி, ஆறு தோல்வி என்று முடித்தது. நவம்பரில் யு.சி.எல்.ஏ.வுக்கு எதிரான ஆட்டத்தில் தோள்பட்டை காயமடைந்தது. 2013 டிராஃப்டில் நான்காம் சுற்றில், 98ஆவதாகத்தான் அவர் பெயர் வந்தது.

இதையெல்லாம் அறிந்தும், இன்றைய குவார்ட்டர்பேக்குக்கு வேறு பதில்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் காரணம் பணம். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். அதில் குவார்ட்டர்பேக்கின் பங்கு பெரிதாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முன்னணிக் கல்லூரியின் குவார்ட்டர்பேக் ஒரே சீசனில் ஈட்டுவது, ஏழாம் சுற்று வீரருக்கு என்.எஃப்.எல்.லில் பல ஆண்டுகளில் கிடைப்பதை எட்டிவிடலாம். இலவசமாக உழைக்கிறான் என்ற பழைய நியாயம் இந்த ஓர் இடத்துக்கு இப்போது பொருந்தவில்லை.

இரண்டாவது காரணம், பணத்தைவிட எனக்கு முக்கியமானது, அந்த வேலையின் தன்மை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குக்கு ஒவ்வோர் ஆட்டமும் உடம்பில் ஒரு கழிவு. அவர் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறாரோ அவ்வளவு நல்லது. குவார்ட்டர்பேக்குக்கு ஒவ்வோர் ஆட்டமும் சேமிப்பு. என்.எஃப்.எல்.லில் பயிற்சியாளர் சொல்லும் உத்தி, ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கியில் அவர் காதில் விழும். ஒவ்வொரு நகர்வையும் தொடங்கத் தரப்படும் நேரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்தக் குரல் அறுந்துவிடும். அதற்குமேல் அவர் தனி. எதிரணியின் கடைசி வரிசையில் நிற்கும் காவலர்கள் இருவரா, ஒருவரா என்று எண்ண வேண்டும். பந்து கைக்கு வந்த நொடியில் அவர்கள் இடம் மாறுவார்கள். இருவர் போல நின்றது நடிப்பு என்று அப்போதுதான் தெரியும். மூன்று வினாடிக்குள் அதைப் படித்து, தன் ஆள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வந்து சேரப்போகும் இடத்துக்குப் பந்தை எறிந்தாக வேண்டும். 130 கிலோ எடையுள்ள ஆட்கள் பாய்ந்து வரும்போது அந்தக் கண் கலங்காமல் இருப்பதற்கு எந்த வகுப்பறையும் பயிற்சி தராது. ஆடி ஆடித்தான் வரும்.

முப்பது ஆட்டங்களாவது தொடக்க வீரராக ஆடாதவரை எடுக்கத் தயங்குவார் என்று பழம்பெரும் பயிற்சியாளர் பில் பார்செல்ஸைப் பற்றிச் சொல்வார்கள். அவர் பயந்தது நடந்துகொண்டேதான் இருக்கிறது. மிட்செல் ட்ருபிஸ்கி கல்லூரியில் தொடக்க வீரராக ஆடியது 13 ஆட்டம். 2017இல் பாட்ரிக் மஹோம்ஸுக்கும் முன்பாக, இரண்டாவதாக எடுக்கப்பட்டார். நான்கு சீசனில் சிகாகோ அவரை விட்டுவிட்டது. ட்ரே லான்ஸுக்கு 17 ஆட்டம். அவரைப் பிடிக்கப் பெரும் விலை கொடுத்த சான் ஃபிரான்சிஸ்கோ, இரண்டே ஆண்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லாஸிடம் தள்ளிவிட்டது. அந்தோனி ரிச்சர்ட்சனுக்கும் 13 ஆட்டம்தான். 2023இல் நான்காவதாக எடுத்த இண்டியானாபொலிஸ் அவரை முதல் வாரமே களமிறக்கியது; மூன்றாம் சீசனில் அவர் இடம் பறிபோனது.

அதிக ஆட்டம் ஆடியவரெல்லாம் தேறிவிடுவார் என்று சொல்லவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டு இருந்த கென்னி பிக்கெட்டை, முதல் சுற்றில் எடுத்த அணியே இரண்டு சீசனில் மாற்றி அனுப்பிவிட்டது. இல்லாத திறமையை அனுபவம் உண்டாக்காது. இருக்கும் திறமை பாதியில் கருகாமல் காக்கும். 2018 சீசனில் சுமாராக ஆடிய ஜோ பரோ அப்போதே கிளம்பியிருந்தால், அவரை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். லூசியானா ஸ்டேட்டில் இன்னொரு சீசன் இருந்தார். 60 டச் டவுன் எறிந்தார். 2020இல் முதலாவதாகப் போனார். அதே பல்கலைக்கழகத்தில் 2023இல் தங்கிய ஜேடன் டேனியல்ஸ், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, அடுத்த டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இரண்டாவது ஒப்பந்தம் பற்றியது. புதுமுகச் சம்பளத்துக்கு வரம்பு இருப்பதால் உண்மையான பணம் மூன்று சீசன் முடிந்து போடப்படும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. பரோ 2023இல் போட்டது ஐந்தாண்டுக்கு 27.5 கோடி டாலர். ஓராண்டு முன்னால் கிளம்பினால் அந்தக் கையெழுத்தும் ஓராண்டு முன்னால் வரும் என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கையெழுத்து, தேறியவருக்கு மட்டும் வருவது. ட்ருபிஸ்கி, லான்ஸ் ஆகியோருக்கு அப்படியொரு ஒப்பந்தம் வரவே இல்லை. அயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டும் ஆடிவிட்டு, 2022 டிராஃப்டின் கடைசிப் பெயராக, 262ஆவதாக வந்த பிராக் பர்டி, 2025இல் 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

காயம் என்ற பயம் உண்மையானது. 2025இல் பென் ஸ்டேட்டுக்குத் திரும்பிய ட்ரூ அல்லரின் சீசன் அக்டோபரிலேயே காயத்தால் முடிந்துபோனது. ஆனாலும் காயம் எல்லோரையும் ஒரே மாதிரி வீழ்த்துவதில்லை. பிராட்ஃபோர்ட் தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் முதலாவதாக எடுக்கப்பட்டார். டுவா டங்கோவைலோவா இடுப்பு எலும்பு விலகிய ஐந்தே மாதத்தில் ஐந்தாவதாக எடுக்கப்பட்டார்.

அப்படியானால் யார் கிளம்பலாம்? முதல் பத்துக்குள் வருவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர் கிளம்பட்டும். ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்த 3.4 கோடி டாலரும் உத்தரவாதம். இருபது வயதுப் பையனிடம் அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவரைப் பக்குவப்படாமல் களத்தில் தள்ளியது அணியின் தவறு. மஹோம்ஸ் முதல் ஆண்டு பெரும்பாலும் உட்கார்ந்துதான் பார்த்தார்; ஜோர்டன் லவ்வை கிரீன் பே அணி மூன்று ஆண்டு காத்திருக்க வைத்தது. எந்த அணிக்குப் போவோம் என்பதை வீரர் தீர்மானிக்க முடியாதபோது அந்தப் பொறுமையையும் அவர் எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதல் பத்துக்கு வெளியே நிற்கும் குவார்ட்டர்பேக், முப்பது ஆட்டம் நிரம்பும்வரை கல்லூரியிலேயே இருக்க வேண்டும். முகவரும் தொலைக்காட்சி நிபுணரும் சொல்லும் கணிப்பை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது.

அவருக்கு அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் ஒரே மதிப்பீடு, என்.எஃப்.எல். ஆலோசனைக் குழு தருவது. அணிகளின் திறனறிவாளர்கள் அடங்கிய அந்தக் குழு தருவது மூன்று பதில்களில் ஒன்று: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கல்லூரியிலேயே இரு. மூன்றாவது பதில் வாங்கிய பையனுக்குத் தான் மூன்றாம் சுற்றுக்கு அருகில் இருக்கிறோமா, ஏழாம் சுற்றின் விளிம்பில் இருக்கிறோமா என்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவே லட்சக்கணக்கான டாலர் இருக்கிறது. முதல் பத்தா, முப்பதாவதா என்பதையும் அந்தப் பதில் சொல்வதில்லை. குவார்ட்டர்பேக்குகளுக்காவது அந்த மதிப்பீட்டை விரிவாக்கி, எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், ஆட்டத்தில் எது குறைகிறது என்று என்.எஃப்.எல். எழுத்தில் தர வேண்டும். ஜனவரி நடுவில் வரும் கடைசித் தேதிக்குப் போதிய அவகாசம் இருக்கும்படி அது வீரரின் கைக்கு வந்து சேரவும் வேண்டும்.