கடற்கரையிலிருந்து ஹேமகுண்டத்துக்கு

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தி, ஒன்பது சுற்றுச் சுற்றி, பெண்ணின் கல்யாணத்தையும் முடித்தாகிவிட்டது. அடுத்த ஆசை பத்ரிதான், இல்லையா? இரண்டு தலங்களையும் பாடியவர் திருமங்கையாழ்வார். மூப்பு வந்து கோலூன்றும் முன்பே வதரிக்குப் போங்கள் என்று அவர் எச்சரித்திருக்கிறார். நாமோ சம்பந்திக்குச் சீர் செய்து ஓய்ந்த பிறகுதான் புறப்படுகிறோம்!

போகட்டும். பத்ரிவரை பஸ் போகிறது. ஆனால் வழியில் கோவிந்த்காட் வந்ததும், “ஹேமகுண்டத்தையும் பார்த்துவிடலாமே!” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பார்க்க வேண்டிய ஏரிதான். பனிமலைகள் சூழ்ந்த கரையில் சீக்கியர்களின் குருத்வாராவும் லட்சுமணன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காங்கரியா கிராமத்தில் இரவு தங்கி, விடியற்காலையில் ஏறி, மாலைக்குள் திரும்பவேண்டும். மேலே இராத் தங்க விடமாட்டார்கள்.

தூரம் 6 கிலோமீட்டர்தான். “திருமலைக்கே படியேறினவள் நான்!” என்பீர்கள். திருமலையின் உயரம் 1,000 மீட்டருக்கும் குறைவு. காங்கரியாவோ, நீங்கள் புறப்படும் இடமே, சுமார் 3,000 மீட்டர். நம் தொட்டபெட்டாச் சிகரம்கூட 2,637 தான். ஏரி 4,300-க்கும் மேலே. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் திருவிடந்தைக் கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் சுமார் 60 சதவிகிதமே கிடைக்கும். கோவேறு கழுதையில் போனால் கால் தப்பும், மூச்சு தப்பாது.

சகோதரிகளே, நமக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வந்தவர்களின் பயணம் கெடக் கூடாதென்று தலைவலியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் அது பெருந்தன்மை. அந்த மலையில் ஆபத்து. தலைவலியோடு குமட்டலோ, தலைசுற்றலோ, பசியின்மையோ சேர்ந்தால் உடனே சொல்லுங்கள், மேலே ஏறாதீர்கள். ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் இறங்குங்கள். நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழம்பினாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலும், நடு இரவானாலும் கீழே கொண்டுபோய் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும் அறிகுறிகள் அவை. உயிருக்கே உலை வைக்கும். தேக பலமுள்ள வாலிபப் பிள்ளைக்கும் இது வரும். அவனையும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

காங்கரியாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது நல்லது. அன்றைக்கு மலர்ப் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பினால் உடம்பும் உயரத்துக்குச் சற்றுப் பழகும்.

ஏரிக்கரையில் குருத்வாராவில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் தருவார்கள். வயிறாரச் சாப்பிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பிற்பகல் தொடங்கும்போதே இறங்கிவிடுங்கள். இறக்கத்தில் முழங்கால் கெஞ்சும். அப்போது தாராளமாகக் கோலூன்றலாம். ஆழ்வார் கோபித்துக்கொள்ள மாட்டார்.