சர்க்கரை தின்னாத புற்றுநோய்

இளம்பிள்ளை என்றால் எல்லோருக்கும் சேலை ஞாபகம் வரும். எனக்கு முதுகு வலியும் சேர்ந்தே வருகிறது. "தறியில உட்கார்ந்தா வலிக்கத்தான் செய்யும்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அறுபது வயதில் விடாத வலியோடு ரத்த சோகையும் சேர்ந்தால் மல்டிபிள் மயலோமாவா என்று பார்த்துவிட வேண்டும். எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய் இது. எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாடகி சாரதா சின்ஹா இந்த நோயோடு போராடித்தான் 2024-ல் இறந்தார்.

ரத்தம், சிறுநீர், மஜ்ஜைப் பரிசோதனைகள்தான் நோயை உறுதி செய்யும். அது உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டுவது பெட் ஸ்கேன். வழக்கமாக எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் போடுகிறார்கள். பசியோடு இருக்கும் புற்றுசெல் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். சிக்கல் என்னவென்றால், சில மயலோமா செல்களுக்கு இந்தச் சர்க்கரையைப் பிடித்து வைக்கும் நொதி குறைவு. 2017-ல் வந்த ஓர் ஆய்வில் சுமார் 11 சதவீதம் பேருக்கு நோய் இருந்தும் இந்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது!

இதற்கு மாற்றாக ஜெர்மனியில் உருவானது பென்டிக்ஸாஃபார். மயலோமா செல்லின் மேல் இருக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். சண்டிகரில் பி.ஜி.ஐ. மருத்துவமனையிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இது சர்வரோக நிவாரணி அல்ல. 2017-ல் ஜெர்மனியில் இரண்டு ஸ்கேனும் எடுத்த 19 பேரில் 4 பேருக்குப் புதியது கூடுதலாகக் காட்டியது, 7 பேருக்குப் பழையதே மேல், மற்றவர்களுக்கு இரண்டும் சமம். அதனால் எஃப்.டி.ஜி.யைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அது கைவிடும் அந்தச் சிலருக்கு இரண்டாவது வழி வேண்டும் என்கிறேன்.

அது பெருநகரங்களோடு நிற்க வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. எஃப்.டி.ஜி.க்கு சைக்ளோட்ரான் வேண்டும். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வண்டி நாலு மணி நேரத்தில் வந்தால் கால் பங்கு கூட மிஞ்சாது. பென்டிக்ஸாஃபாரில் இருக்கும் காலியம்-68 இன்னும் சீக்கிரம், 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் அதை ஜெனரேட்டர் என்ற சின்னப் பெட்டியிலிருந்து அங்கேயே கறந்துகொள்ளலாம் (மருத்துவர்களே "பால் கறப்பது" என்றுதான் சொல்கிறார்கள்). பெட்டிக்குள் இருக்கும் ஜெர்மானியத்தின் அரை ஆயுள் 271 நாள்.

பெட்டி விலை அதிகம்தான். மயலோமாவுக்கு மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் ஸ்கேனுக்கும் இதே காலியம் பயன்படுகிறது. அந்த நோயாளிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, சேலம் அரசு மருத்துவமனைக்கு ஒன்று வாங்க முடியுமா என்று சுகாதாரத்துறை பார்க்கட்டும்.