தவணையில் வாங்குவது தூள் பலகை! சந்தையில் கிடக்குது தேக்கு!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் புதிதாகக் குடிவரும் குடும்பத்துக்குப் பெரிய தலைவலி எது? வாடகை, அட்வான்ஸ் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு கட்டில், பீரோ, மேசை வாங்குவதுதான்!

"மாசத் தவணைதானே, கட்டிடலாம்" என்று பளபளக்கும் கடைக்குள் நுழைகிறார்கள். வாங்கி வருவது மரமா? பல நேரம் இல்லை! மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மேலே மரம்போல ஒரு தாள் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான்.

தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும். ஒரு தடவை கழன்ற ஸ்குரு மறுபடி சரியாகப் பிடிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? இந்த ஊருக்கு அந்தப் பலகை தாங்குமா?

வெள்ளிக்கிழமை போங்க!

பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடும் சந்தையைப் பாருங்கள். செடி கொடி, துணிமணிக்கு நடுவே கால் ஆடும் நாற்காலியும் பாலிஷ் போன மேசையும் கிடக்கும். பார்க்க அழுக்குதான். சுரண்டிப் பார்த்தால் சிலவற்றில் தேக்கு தெரியும்! தேக்கில் இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் லேசில் அண்டாது.

உள்ளூர் தச்சரிடம் கொடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூட்டை இறுக்கி, பாலிஷ் அடித்தால் புதுசு தோற்கும். பிரம்பு அறுந்த நாற்காலிக்கு நைலான் வயர் பின்னலாம். பழைய கதவுக்கு நாலு கால் வைத்தால் சாப்பாட்டு மேசை. அம்மாவின் பருத்திப் புடவை ஜன்னல் திரையாகும். கட்டிலுக்கு ஒரு பவானி ஜமக்காளம். வேறென்ன வேண்டும்?

ஏமாறாதீங்க!

மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஊசித் துளையிலிருந்து மாவு கொட்டினால் உளுத்த மரம், தொடவே தொடாதீர்கள். கட்டில் இடுக்கில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். தச்சர் கூலி, வண்டி வாடகை இரண்டையும் கூட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள். கணக்கு கட்டாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வெள்ளி வராமலா போகும்?

"பழசு வாங்கினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாலு பேரா வந்து தவணை கட்டப் போகிறார்கள்?

மாநகராட்சி கவனிக்குமா?

வீடு காலி செய்கிறவர்கள் நல்ல கட்டிலைக்கூட தெருவோரம் வீசிவிட்டுப் போகிறார்கள். மழையில் நனைந்து அது விறகாகிறது. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி, இப்படிப்பட்ட சாமான்களை வைக்க வட்டாரத்துக்கு ஒரு கொட்டகை போடலாம். தேவைப்படுகிறவர் எடுத்துப் போவார். பழுது பார்க்கும் தச்சருக்கும் கூலி கிடைக்கும்.

குப்பையும் குறையும், கடனும் குறையும். செய்வார்களா?