காரைக்கால் ரயில் நிலையம்: பயணிகளின் கோரிக்கைச் சாசனம்

தெற்கு ரயில்வே நிர்வாகத்துக்கும் திருச்சிராப்பள்ளி கோட்ட அலுவலகத்துக்கும் காரைக்கால் மக்கள் முன்வைப்பது:

பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் ரயில் வந்தது. 1980களில் அந்தத் தடம் மூடப்பட்டது. ஒரு தலைமுறை ஊரில் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தது. 2011இல் நாகூர் வழியாக அகலப்பாதை வந்தபோது காரைக்கால்தான் கடைசி நிலையம். இப்போது பேரளம் தடமும் மீண்டும் போடப்பட்டுவிட்டதால் காரைக்கால் வழி நிலையமாகிறது. கடைசி நிலையத்தில் ரயில் காத்து நிற்கும். வழி நிலையத்தில் சில நிமிடங்களே நிற்கும். அந்த நிமிடங்களுக்குள் எல்லோரும் பத்திரமாக ஏறி இறங்க வேண்டும். அதற்கு வேண்டியவை இவை.

1. முதல் பெட்டி முதல் கடைசிப் பெட்டி வரை உயர்மட்ட நடைமேடையும் கூரையும் வேண்டும். தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம் என்பது ரயில்வேயே வகுத்த அளவு. மீன்கூடையோடு வரும் பெண்களும் முதியவர்களும் படியில் தொற்றி ஏறும் நிலை கூடாது. ஐப்பசி மழைக்கு முன் கூரை வேய்ந்தாக வேண்டும்.

2. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டும் பலகைகள் நடைமேடை நெடுக வேண்டும். ரயில் வந்தபின் மூட்டையும் குழந்தையுமாக ஓடுவதில்தான் விபத்து நேர்கிறது.

3. ரயில் நாகூர் பக்கம் போகிறதா, பேரளம் பக்கம் போகிறதா என்பதைத் தமிழில் தெளிவாக அறிவிக்க வேண்டும். 2025 பிப்ரவரி 15 அன்று புது தில்லி நிலைய நெரிசலில் 18 பேர் இறந்தார்கள். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட ரயில்களின் அறிவிப்பில் ஏற்பட்ட குழப்பமும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டு திசைக்கும் ரயில் ஓடும் ஊரில் இந்தப் பாடம் இன்றே வேண்டும்.

4. நுழைவாயிலிலிருந்து பெட்டி வரை சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் சாய்தளப் பாதை வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கு அது தந்த ஐந்தாண்டுக் கெடுவும் கடந்துவிட்டது. இனி அவகாசம் கேட்க இடமில்லை.

5. திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்கும் நாகூர் கந்தூரிக்கும் வருவோருக்கு, நிலைய வாசலுக்கு வெளியே நிழற்பந்தல், கூடுதல் டிக்கெட் கவுன்ட்டர், உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழி வேண்டும். இரண்டின் தேதியும் முன்கூட்டியே தெரியும். கூட்டம் வந்தபின் கயிறு கட்டுவது ஏற்பாடு ஆகாது.

6. இங்கிருந்து புறப்படும் ரயில்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே நடைமேடைக்குக் கொண்டுவந்து, விளக்கெரித்துக் கதவு திறக்க வேண்டும். முன்பதிவில்லாப் பெட்டிகளுக்கு வரிசை முறை வேண்டும். முந்தி வந்தவருக்கு இடம் கிடைக்க வேண்டும், முண்டியடிப்பவருக்கு அல்ல.

இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது கோரிக்கைகளுக்குக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. 30 நாளில் முடியும். மற்றவற்றுக்கு, வேலை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் பொறுப்பான அதிகாரியின் பதவியையும் எழுதி நிலைய வாசலில் ஒட்டுங்கள். பயணக் கட்டணத்தை எங்களிடம் ஏறும் முன்பே வாங்கிக்கொள்கிறீர்கள். ஏறுவதற்கான வசதியும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.