பேசாத பிரிண்ட்டர்

சமயம் பார்த்துக் காலை வாருவதில் பிரிண்ட்டருக்கு நிகரான வீட்டுச் சாதனம் கிடையாது. மிக்ஸி மக்கர் பண்ணினால் அம்மி இருக்கிறது. டி.வி. போனால் வீட்டில் கொஞ்சம் அமைதி. பிரிண்ட்டர் மட்டும் மாசம் பூரா சும்மா கிடந்துவிட்டு, தெருவில் ஜெராக்ஸ் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு, ராத்திரி ஒன்பதரை மணிக்கு 'ஆஃப்லைன்' என்று கையை விரிக்கும்.

எங்கள் ஃப்ளாட்டில் மாடி வீட்டு இளைஞர் அப்படியொரு ராத்திரி கதவைத் தட்டினார். மறுநாள் காலை டி.என்.பி.எஸ்.ஸி. தேர்வு. மூன்றாவது தடவையாக எழுதுகிறார். படிப்பதற்காக ஆபீஸில் கெஞ்சி ஒரு வாரம் லீவு வாங்கியிருந்தார். ஹால் டிக்கெட் காகிதமாகக் கையில் இருந்தாக வேண்டும்.

“நேத்துகூட நல்லா அடிச்சுது சார். இன்னிக்கு லாப்டாப் கூடப் பேசவே மாட்டேங்குது.”

“வைஃபை இருக்கா?”

“யூட்யூப் ஓடுதே சார்!”

“யு.எஸ்.பி. கேபிள்?”

“டப்பாவோட போயிடுச்சு சார்.”

என் வீட்டில் பிரிண்ட்டர் கிடையாது. யோசனை மட்டும் இருந்தது. மேலே போனேன். பதற்றத்தில் அவர் 'பிரிண்ட்' பட்டனைப் பதினோரு தடவை அழுத்தியிருந்தார். டிரைவர் சாஃப்ட்வேரை மறுபடி இறக்க ஆரம்பித்து, அது பன்னிரண்டு சதவீதத்தில் நின்றிருந்தது. அவருடைய அம்மா பிரிண்ட்டருக்குத் திருஷ்டி கழிக்கலாமா என்கிற ரீதியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி வியாதிகளில் முதலில் செய்ய வேண்டியது வைத்தியமல்ல, விசாரணை. பிரிண்ட்டர், ரௌட்டர், லாப்டாப் என்று மூன்று பேர்வழிகள். குற்றவாளி யார்? பிரிண்ட்டர் மேலேயே இருக்கும் காப்பி பட்டனை அழுத்தினோம். ஒரு நகல் வந்தது. ஆக மையும் மெஷினும் சரி. அடுத்து அவர் அம்மாவின் செல்போனிலிருந்து, அதே வைஃபையில், சாமி படம் ஒன்றை அனுப்பினோம். பளிச்சென்று வந்தது. ஆக பிரிண்ட்டரும் ரௌட்டரும் நிரபராதிகள். மிச்சம் லாப்டாப்.

“இன்னிக்குப் புதுசா என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் போச்சேப்பா” என்றார் அம்மா. அதுதான் விஷயம்.

வீட்டு ரௌட்டர் ஒரு லாட்ஜ் மானேஜர். உள்ளே வரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ரூம் நம்பர் கொடுக்கும். அதுதான் ஐ.பி. முகவரி. நம்பரை நிரந்தரமாகக் கொடுக்காது, குத்தகைக்குத்தான். இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.ஸி.பி. என்று பெயர். 1993-ல் விதி எழுதி வைத்தார்கள். கரண்ட் போய் வந்தால் பல ரௌட்டர்கள் பழைய ரிஜிஸ்தரை மறந்துவிட்டு, வந்த வரிசையில் புதிதாக ரூம் போடும். நேற்று வரை 192.168.1.5-ல் குடியிருந்த பிரிண்ட்டர் இன்று 192.168.1.9-க்கு மாறிவிட்டது. செல்போன் ஒவ்வொரு தடவையும் 'இங்கே பிரிண்ட்டர் யாருப்பா?' என்று கூவி விசாரிப்பதால் கண்டுபிடித்துவிட்டது. லாப்டாப் பழைய விலாசத்தை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டு ஐந்தாம் நம்பர் கதவையே தட்டிக்கொண்டிருந்தது.

அதென்ன எல்லா வீட்டிலும் 192.168? இன்டர்நெட்டின் பழைய முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். ஆளுக்கு ஒன்றுகூடத் தேறாது. அதனால் சில நம்பர்களை வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று 1996-ல் ஒதுக்கி வைத்தார்கள். உங்கள் வீட்டு 192.168.1.9-ம் பக்கத்து வீட்டு 192.168.1.9-ம் தெருவுக்கொரு பிள்ளையார் மாதிரி. ஒருவருக்கொருவர் தகராறு கிடையாது.

வைத்தியம் ஐந்து நிமிஷம். பிரிண்ட்டரின் நெட்வொர்க் மெனுவில் புது முகவரியைப் பார்த்தோம். லாப்டாப்பில் 'பிங்' கட்டளை கொடுத்து அந்த முகவரியைக் கூப்பிட்டோம். பதில் வந்தது. பிரிண்ட்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பக்கம் போய், பழைய நம்பருக்குப் பதில் புது டி.ஸி.பி./ஐ.பி. போர்ட் சேர்த்தோம். ஓகே சொன்ன மறு வினாடி பிரிண்ட்டர் உறுமியது. காத்திருந்த ஜாபெல்லாம் விழித்துக்கொண்டு, பதினோரு ஹால் டிக்கெட் வந்து விழுந்தது. ஒன்றை அம்மா பூஜை அறையில் வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் இது நடந்தால்:

1. அவசரமா? முதலில் ரௌட்டர், இரண்டு நிமிஷம் கழித்து பிரிண்ட்டர், கடைசியில் லாப்டாப் என்ற வரிசையில் அணைத்துப் போடுங்கள். பாதி கேஸ் இதிலேயே தீரும்.

2. பிரிண்ட்டரின் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் அதற்கு ரூமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். வைஃபை பாஸ்வேர்டைச் சமீபத்தில் மாற்றினீர்களா, யோசியுங்கள்.

3. லாப்டாப் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா? விருந்தாளிகளை வீட்டுக்காரர்களோடு பேசவிடாமல் பிரித்து வைப்பதுதான் அதன் வேலையே.

4. ஆபீஸ் லாப்டாப்பா? வி.பி.என்.னைத் துண்டித்துப் பாருங்கள். அது ஓடும்போது லாப்டாப் மனதளவில் ஆபீஸில் இருக்கிறது. வீட்டு பிரிண்ட்டரைக் கண்டுகொள்ளாது. சில புருஷர்கள் மாதிரி.

5. க்யூவில் பழைய ஜாப் சிக்கியிருந்தால் விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

6. நிரந்தரத் தீர்வு: ரௌட்டரின் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிஸர்வேஷன்' இருக்கும். பிரிண்ட்டருக்கு ஒரு நம்பரைப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி பிரிண்ட்டர் மேலேயே ஒட்டுங்கள்.

பேசாத பிரிண்ட்டரால் சரித்திரமே மாறியிருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்ட்டர் கொடுத்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். சிக்கினால் வாய் திறக்காது. அங்கே இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய பிரிண்ட்டருக்குச் செய்தது போலவே, சிக்கினால் உடனே சேதி சொல்லும்படி அதன் புரோகிராமைத் திருத்த நினைத்தார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கடுப்பு அவருக்கு ஆறவேயில்லை. 1983-ல் யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று 'குனு' திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் இன்று வெளிவருவது அந்தத் திட்டத்தின் லைசென்ஸில்தான். வீட்டு ரௌட்டர்கள் பலவற்றின் வயிற்றுக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான்.

ஆகவே, பிரிண்ட்டர் மேல் வந்த கோபத்தில் பிறந்த ஒரு சமாசாரம்தான் இன்று உங்கள் பிரிண்ட்டருக்கு ரூம் நம்பரை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பழி வாங்குகிறதோ என்னவோ!