நமது சிந்தனை: அலமாரியில் உறங்கிய நாதம்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், உறுப்பினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துத் தம் கவலையை வெளியிட்டார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மதிப்பெண் பெறுகிறாள். எட்டு ஆண்டுகளாக வாய்ப்பாட்டும் கற்று வருகிறாள். இப்போது, கம்ப்யூட்டரைக் கொண்டு இசை அமைக்கும் கலையையும் ஒலியைப் பற்றிய ஆராய்ச்சியையும் மேற்கொள்ள வேண்டும் என்கிறாளாம். "ஸார், இப்படியும் ஒரு படிப்பு உண்டா? உண்டென்றால் அது சோறு போடுமா?" என்று அவர் கேட்டார்.

அன்று நாம் கூறிய விடை அரைகுறையானது. அது நம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தபடியால், இம்மாதப் பகுதியை அவருடைய கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

இத்துறை நம் நாட்டுக்கு நேற்று வந்தது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை வேறு. நாம் குடியேறி வாழும் இதே அகமதாபாத் நகரத்தில், மணிநகரிலிருந்து சபர்மதியைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய பால்டியில், தேசிய வடிவமைப்புக் கழகம் 1961இல் நிறுவப்பெற்றது. அக்கழகத்தில் 1969ஆம் ஆண்டிலேயே ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் இங்கு வந்து, மூக் சிந்தசைசர் என்னும் கருவியை நிறுவிக் கொடுத்தார்.

அக்கருவியில் தந்தியும் இல்லை, தோலும் இல்லை, ஊதுவதற்குத் துளையும் இல்லை. மின் அலைவுகளே அதன் நாதம். மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஸ்வரம் உயரும், குறைத்தால் தாழும். ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு கம்பிகளால் இணைத்து, விரும்பிய ஒலியை ஆக்கி, நாடாவில் பதிவு செய்ய வேண்டும்.

இம்முயற்சியோடு பிணைந்த பெயர் கீதா சாராபாய். பக்கவாஜ் வாசிப்பில் தேர்ந்த இவ்வம்மையார், 1946இல் நியூயார்க் சென்று ஜான் கேஜ் என்னும் புகழ்பெற்ற இசையமைப்பாளரிடம் மேனாட்டு இசையைக் கற்றார். அதற்கு ஈடாக அவருக்கு நம் நாட்டு இசையின் தத்துவத்தைக் கற்பித்தார். அகமதாபாத் இசைக்கூடத்தில் அவரும், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் புதிய ஒலிகளைப் படைத்தனர்.

ஆனால், அந்த முயற்சி சில ஆண்டுகளே நடைபெற்றது. 1970களின் தொடக்கத்திலேயே அது ஓய்ந்துவிட்டது. நாடாக்கள் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கின. லண்டனில் வாழும் பால் பர்காஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்து ஆராய்ந்தார். 2020இல் பி.பி.சி. வானொலி அவ்வரலாற்றை ஒலிபரப்பியது. 2023இல் அந்த இசை தொகுப்பாக வெளிவந்தது. பிறகுதான், இந்தியாவில் இவ்வளவு முன்னரே மின்னணு இசை பிறந்திருந்தது என்பதை உலகம் பரவலாக உணர்ந்தது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. கருவி வந்துவிட்டால் மட்டும் ஒரு துறை நிலைபெற்றுவிடாது. அதைத் தொடர்ந்து கற்போரும் கற்பிப்போரும் ஆதரிப்போரும் வேண்டும். பதிவு செய்து பாதுகாக்கப்பட்டதற்குத்தான் இரண்டாவது வாழ்வு உண்டு.

இனி, இன்றைய நிலையைக் காண்போம். இசை ஆராய்ச்சிக்கென எழுதப்பெற்ற கம்ப்யூட்டர் நிரல்கள் நெடுங்காலம் மேனாட்டு இசையையே மனத்தில் கொண்டிருந்தன. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு நிலையான ஸ்வரங்கள் என்பது அவற்றின் கணக்கு. நம் இசையோ கமகத்தால் உயிர்வாழ்வது. தோடியின் காந்தாரத்தை ஒரே இடத்தில் நிற்கும் ஸ்வரமாக அளக்க முயன்றால் அளவுகோல்தான் தோற்கும். மேலும், ஒவ்வொரு பாடகரும் தமக்கேற்ற சுருதியை வைத்துக்கொள்கிறார். ஆகவே கம்ப்யூட்டர் முதலில் ஆதார ஷட்ஜத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதன் பின்னரே ராகத்தை ஆராய முடியும்.

பார்சலோனா நகரத்துப் பொம்பேவு பாப்ரா பல்கலைக்கழகம், பேராசிரியர் ஷாவியேர் செர்ராவின் தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் நிதியுதவியோடு 2011 முதல் 2017 வரை 'காம்ப்மியூசிக்' என்னும் திட்டத்தை நடத்தியது. கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் அதில் இடம்பெற்றன. சென்னை ஐ.ஐ.டி.யும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் அதில் பங்குகொண்டன. 2022இல் இசைத் தகவல் ஆய்வுக்கான சர்வதேச மாநாடு பெங்களூரிலேயே கூடியது.

இத்தகைய ஆராய்ச்சிக்குக் கணிதம் மட்டும் போதாது. இது சங்கராபரணம், இது கல்யாணி என்று காதால் பிரித்தறிந்து குறித்துக் கொடுப்பவர் வேண்டும். கணக்கும் தெரிந்து பாட்டும் தெரிந்தவர்கள் எங்கும் அரியவர்களே. நம் குடும்பங்களிலோ அத்தகைய பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள்! ஆயினும் நாம் செய்வது என்ன? பத்தாம் வகுப்பு வந்ததும் முதல் வேலையாகப் பாட்டு வகுப்பை நிறுத்திவிடுகிறோம். எட்டாண்டு சாதகத்தை இவ்வாறு கைவிடுவது நஷ்டம் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

எங்கே படிக்கலாம் என்பதையும் கூறிவிடுகிறோம். பூனாவிலுள்ள திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்திலும் கல்கத்தாவின் சத்யஜித் ராய் கழகத்திலும் ஒலிப்பதிவும் ஒலி வடிவமைப்பும் பட்டம் பெற்றோருக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியில் இசைத் தொழில்நுட்பமும் பாடமாக உள்ளது. நமக்கு மிக அருகே, தேசிய வடிவமைப்புக் கழகத்தின் காந்திநகர் வளாகத்தில், புதிய ஊடக வடிவமைப்பு முதுநிலைப் படிப்பாக இருந்து வருகிறது. பொறியியல் வழியே செல்வோர் ஐ.ஐ.டி.க்களில் ஒலி, பேச்சு, இசை பற்றி ஆராயலாம். முழுநேர முனைவர் பட்ட மாணவருக்கு மாத உதவித்தொகையும் கிடைக்கும்.

பத்து முதல் பதினான்கு வயதுள்ள சிறுவர் சிறுமியர் மரபுக் கலைகளைப் பயில, மத்திய அரசின் கலாசார வள, பயிற்சி மையம் உதவித்தொகை வழங்குகிறது. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுள்ள இளங்கலைஞர்களுக்குக் கலாசார அமைச்சின் உதவித்தொகை உண்டு. பெங்களூரிலுள்ள இந்தியக் கலை அறக்கட்டளை, கலைஞர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் மானியம் அளிக்கிறது. விண்ணப்பத்தை நம் தமிழிலேயே எழுதலாம் என்பது மகிழ்ச்சிக்குரியது. விதிகளையும் கடைசித் தேதியையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வது அவசியம்.

"சோறு போடுமா?" என்ற கேள்விக்கு ஒளிவுமறைவின்றி விடை கூறுவோம். இசையமைப்பை மட்டுமே நம்புவோருக்கு முதல் சில ஆண்டுகள் வருவாய் ஒழுங்காக வராது. திரைப்படம், விளம்பரம், கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு ஒலி அமைப்போர் வேலைக்கு வேலை கூலி பெறுகிறவர்களே. ஆகையால், கணிதம் அல்லது பொறியியலில் ஒரு பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்துறையில் இறங்குவது விவேகம். அந்த அன்பரின் மகளுக்கு இரண்டும் கூடும். அவர் தயங்க வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

முடிவாக, நம் வீட்டுச் செய்தி ஒன்று. நம் சங்கத்தில் ஆண்டுதோறும் நடைபெற்ற தியாகராஜ ஆராதனைகளின் ஒலிநாடாக்கள் சங்கக் கட்டடத்து இரும்பு அலமாரியில் கிடக்கின்றன. அவற்றில் பாடிய பெரியோர் சிலர் இன்று நம்மிடையே இல்லை. வெப்பமும் ஈரமும் நாடாவின் காந்தப் பூச்சை அழிக்கவல்லவை; அதை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் அருகி வருகின்றன. அவ்வொலிகளைக் கணினியில் சுருக்காமல் முழு அளவில் பதிந்து, பாடியவர் பெயர், ராகம், தாளம், நாள் ஆகியவற்றைக் குறித்து, இரண்டு பிரதிகளாக வெவ்வேறு இடங்களில் வைத்தால் அவை பிழைக்கும். வெளியிடுவதாயின் பாடியவரின் அல்லது அவர் குடும்பத்தாரின் இசைவு பெறவேண்டும்.

இப்பணியை அந்தப் பெண்ணிடமும், ராகம் சொல்லவல்ல ஒரு பெரியவரிடமும் ஒப்படைக்கலாம் என்று செயற்குழுவுக்கு நாம் யோசனை கூறியிருக்கிறோம். அவளுக்கு அது முதல் பயிற்சியாகும். பழைய நாடாக்கள் வீட்டில் இருப்பின் அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். பூசணம் பூத்த நாடாவைச் சோதனைக்காகவும் கருவியில் இட்டுவிட வேண்டாம். இருக்கிறபடியே கொண்டுவந்தால் போதும்.